சேவை மறுப்பும் பொது வன்பொருளும்: பொகவந்தலாவையிலிருந்து ஒரு மறுகணக்கு

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரசாங்க முகில், கப்பம் கேட்கும் மென்பொருளுக்கு இரையானது. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகள் உட்பட சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. பயன்பாட்டில் இருந்தது காலம் கடந்த மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013. இணைப்பிலேயே வைத்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது.

அது, ஒரே வன்பொருளில் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் மெய்நிகராக்க மென்பொருளின் (ஹைப்பர்வைசரின்) குறையால் நேர்ந்ததல்ல; வெளியிலிருந்து ஒருவர் புகுந்து செய்த வேலை. யாரும் புகாமலே, முறைப்படி வாடகைக்கு இடம் பெற்ற ஒருவரே எல்லோரையும் முடக்க முடியுமா என்பதுதான் இங்கே எழுப்பப்படும் கேள்வி. முடியும். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளில், வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்: ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியே வரிசை முழுவதையும் தின்றுவிடும்.

2015 நவம்பர் 10 அன்று, ஸென் என்ற ஹைப்பர்வைசரை உருவாக்கும் ஸென் திட்டம் இத்தகைய ஒரு குறை பற்றி 156ஆம் இலக்க எச்சரிக்கையை வெளியிட்டது. கேவிஎம், மைக்ரோசொஃப்ட் ஹைப்பர்-வி ஆகிய மற்ற ஹைப்பர்வைசர்களுக்கும் அதே சிக்கல். நினைவகத்தில் சீர்மை தவறிய முகவரியைத் தொட்டால் செயலி ஒரு விதிவிலக்கை எழுப்பி, அதன் விவரத்தை அடுக்கில் எழுதும். அந்த அடுக்கையே சீர்மை தவறிய இடத்தில் ஒரு மெய்நிகர்க் கணினி வைத்துவிட்டால், எழுதும் செயலே மீண்டும் அதே விதிவிலக்கை எழுப்பும். அதை எழுதப்போனால் இன்னொன்று. முடிவில்லாத இந்தச் சுழல் செயலியின் நுண்குறிமுறைக்குள்ளேயே ஓடுவதால், ஹைப்பர்வைசர் அனுப்பும் குறுக்கீடு உள்ளே நுழைவதில்லை. செயலிக் கரு போகும். பின்னாலேயே முழுக் கணினியும் அதில் குடியிருக்கும் மற்றவர்களும் போவார்கள். திருத்தமோ மிகச் சிறியது: அந்த விதிவிலக்கு எழும்போதெல்லாம் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் திரும்புமாறு செய்தார்கள்.

இத்தகைய குறைக்கு, பாதுகாப்புக் குறைகளின் கடுமைக்குப் புள்ளி போடும் சிவிஎஸ்எஸ் முறையின் இரண்டாம் பதிப்புச் சூத்திரம் தருவது 4.9 புள்ளி, அதாவது 'நடுத்தரம்'. தாக்குபவர் அந்தக் கணினிக்கு 'உள்ளே' இருக்க வேண்டும் என்பதே புள்ளி குறைவதற்குக் காரணம். முகிலில் உள்ளே இருக்க வாடகை கட்டினால் போதுமே! அந்த ஒரு நிபந்தனையை வலையமைப்பு வழி என்று மாற்றினால் அதே சூத்திரம் 7.8 தருகிறது, தரம் 'உயர்' ஆகிறது. 2015 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு, பாதிப்பு எல்லை தாண்டுவதையும் கணக்கில் சேர்த்தது. ஆனாலும் பக்க அளவை மாற்றி இன்டெல் கணினியை நிலைகுலைய வைக்கும் 2019இல் வெளியான குறை 6.5ஐத் தாண்டவில்லை. 'நடுத்தரம்' என்று எழுதியதைத் திருத்த அலுவலகங்கள் அவசரப்படுவதில்லை.

தரவு எதுவும் களவுபோகாது, மீள இயக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு முறைக்கு அது சரி. தாக்குபவர் மறுபடி செய்தால்? அதோடு, இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவும் அல்ல. தோட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குச் சான்றுப் பிரதி எடுக்கப் போகும் தொழிலாளிக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். திரை வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினால் இரண்டாவது பேரும் போகும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, கடைசித் தீர்வுக்கு 2003வரை காத்திருந்த தோட்டச் சமூகத்துக்குக் கடதாசி கிடைக்காத நாள் எவ்வளவு கனமானது என்பதைப் புள்ளி போடும் சூத்திரம் அறியாது.

ஆகவே அரசாங்க முகிலை வாங்கும் திணைக்களங்கள், இவ்வகைக் குறைகளை 'உயர்' தரத்தில் வைத்தே திருத்தக் கெடுவை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூலக் கணினியும் மாற்றுக் கணினியும் ஒரே வன்பொருளில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அவசியம். முன்கூட்டியே திருத்துவது இயலாததல்ல: ஸென் மென்பொருளின் 108ஆம் இலக்க எச்சரிக்கை பகிரங்கமாகும் முன்னரே, 2014 செப்டெம்பரில், அமேசன் தன் முகில் கணினிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றை மீள இயக்கி முடித்தது. ஸென் திட்டத்தின் முன்னறிவிப்புப் பட்டியலில் இருந்ததால் கிடைத்த அவகாசம் அது. பொதுச் சேவை வழங்குநர்கள் விண்ணப்பித்து அந்தப் பட்டியலில் சேரலாம்.