நங்கூரச் சின்னமும் நற்பண்பும்

ஒரு சமுதாயம் எதனைப் பாராட்டுகின்றதோ அதுவே அச்சமுதாயத்தில் செழித்து வளரும். கல்விக்கூடங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பரிசளிப்பு விழாவில் முதல் மூவர் மேடையேறுகின்றனர். ஏனையோர் கீழே அமர்ந்து கைதட்டுகின்றனர். அவ்வாறு கைதட்டும் சிறுவனின் முயற்சிக்கு மதிப்பில்லையா? அவனை எவ்வாறு பாராட்டுவது? இவ்வினாக்களுக்கு ‘பாய்ஸ் பிரிகேட்’ எனப்படும் கிறித்தவச் சிறுவர் படையின் வரலாறு சிறந்ததொரு விடையைத் தருகின்றது.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் வில்லியம் அலெக்சாண்டர் சுமித் ஆவார். இவர் 1854ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோ என்னும் ஊருக்கருகில் பிறந்தார். தந்தையை இழந்தபின், இளமையிலேயே கிளாஸ்கோ நகருக்குச் சென்று தம் மாமனின் வாணிக நிலையத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் தொண்டர் துப்பாக்கிப் படையில் பயிற்சி பெற்றார். ஞாயிறு பள்ளியில் சிறுவர்க்குச் சமயக் கல்வியும் புகட்டினார்.

அப்பள்ளியில் அவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பன்னிரண்டு வயதைக் கடந்த சிறுவர்கள், ‘நாங்கள் வளர்ந்துவிட்டோம், இது சின்னஞ்சிறுவர்க்குரிய இடம்’ என்று எண்ணிப் பாடத்தில் நாட்டமின்றித் திரிந்தனர், குறும்பும் செய்தனர். படைப் பயிற்சியில் தாம் கண்ட ஒழுங்கையும் தோழமையையும் சமயக் கல்வியுடன் இணைத்தால் என்னவென்று சுமித் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1883ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நண்பர்கள் இருவரின் துணையுடன் சிறுவர் படையைத் தொடங்கினார். நங்கூரம் அதன் சின்னமாயிற்று. விவிலியத்தின் எபிரெயர் நிருபத்தில் நம்பிக்கை நங்கூரத்துக்கு ஒப்பிடப்படுகின்றது. அதிலிருந்தே உறுதியையும் நிலைபேற்றையும் குறிக்கும் குறிக்கோளுரை பெறப்பட்டது.

சீருடையிலும் சுமித்தின் உள்ளத்தைக் காணலாம். தொப்பி, இடைவார், தோள்பை ஆகிய மூன்றே போதும். அவற்றை அன்றாட உடையின்மேல் அணிந்து கொள்ளலாம். ஏழைத் தொழிலாளியின் மகனும் எளிதில் சேரவேண்டும் என்பதே இதன் பொருள். சிறப்புப் பெறும் வாயிலைச் செல்வம் அடைத்துவிடக் கூடாதன்றோ?

தொடக்கக் காலத்தில் ஒழுங்கான வருகையும் அணிவகுப்புத் திறனுமே பெரிதும் பாராட்டப்பட்டன. பின்னர் பாராட்டின் எல்லை விரிந்தது. முதலுதவி கற்றுத் தேர்ந்த சிறுவர்க்குச் சின்னம் வழங்கப்பட்டது. அடிபட்டவனின் காயத்தைக் கட்டத் தெரிந்த கை, நேராக அணிவகுக்கும் காலுக்கு இணையான பெருமை பெற்றது. 1902ஆம் ஆண்டில் வீரச் செயலுக்கான சிலுவை விருது ஏற்படுத்தப்பட்டது. பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைப் பொருட்படுத்தாத சிறுவனுக்குரிய விருது அது. பிறரை வெல்லும் வீரத்தினும் பிறரைக் காக்கும் வீரமே உயர்ந்தது என்னும் பாடத்தை அவ்விருது சொல்லாமற் சொல்லிற்று.

1904ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் ஏறத்தாழ 7,000 சிறுவர்கள் அணிவகுத்து நின்றனர். அதனைப் பார்வையிட வந்தவர் தளபதி பேடன் பவல். சிறுவர்களின் ஒழுங்கைக் கண்டு அவர் வியந்தார். எனினும், பயிற்சியில் இன்னும் பல்வகைச் சுவை கூடினால் மேலும் பல சிறுவர்கள் சேர்வர் என்று கருதினார். படைவீரர்க்காக அவர் எழுதியிருந்த சாரணக் கலை நூலைச் சிறுவர்க்கேற்ப மாற்றி எழுதுமாறு சுமித் அவரைத் தூண்டினார். சாரணர் இயக்கம் தோன்றுவதற்குக் காரணமான விதைகளுள் இதுவும் ஒன்று.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய பாசறையில் ஏறத்தாழ இருபது சிறுவர்கள் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒரு சாரார் புகழ்பெற்ற பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள்; மற்றொரு சாரார் போர்ன்மவுத், பூல் ஆகிய ஊர்களின் சிறுவர் படையைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அனைவர்க்கும் பித்தளையாலான அல்லிமலர்ச் சின்னம் வழங்கப்பட்டது. முடிச்சிடுதல், தடமறிதல் முதலிய தேர்வுகளில் தேறியவர்க்கு, ‘ஆயத்தமாயிரு’ என்னும் பொருள்படும் சொற்கள் பொறித்த இரண்டாவது சின்னம் கிடைத்தது. அதனைக் குலத்தாலோ செல்வத்தாலோ பெற இயலாது, கற்றுத்தான் பெறவேண்டும். ஒருவன் பெற்றதால் மற்றொருவன் இழக்கவேண்டியதும் இல்லை. தேர்ச்சிச் சின்னங்களின் நோக்கம் வல்லுநரை உருவாக்குவதன்று, முயற்சியைத் தூண்டுவதே என்பது பேடன் பவலின் கொள்கை.

சிறுவர் படைக்கும் சோதனை வந்தது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், அதனை மாணவர் படையாக்கித் தன் திட்டத்துள் இணைத்துக்கொள்ள பிரித்தானியப் போர்த்துறை விரும்பியது. இயக்கத்தினர் அதற்கு அப்போது இசையவில்லை. அணிவகுப்பு தங்களுக்கு வழியே அன்றி முடிவன்று என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர். சுமித் 1909இல் சர் பட்டம் பெற்று, 1914இல் மறைந்தார். உயிர்காக்கும் பயிற்சிகளையே முதன்மையாகக் கொண்டு 1899இல் தோன்றிய ‘பாய்ஸ் லைப் பிரிகேட்’ 1926இல் இவ்வியக்கத்துடன் இணைந்தது. அதன் செஞ்சிலுவை நங்கூரத்தின் பின்னே இடம்பெற்றது. உயிர்காக்கும் தொண்டு இயக்கத்தின் சின்னத்திலேயே கலந்துவிட்டது எனலாம்.

சிங்கப்பூரில் இவ்வியக்கம் 1930ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பிரின்செப் ஸ்திரீட் பிரெஸ்பிடேரியன் தேவாலயத்தில் வேரூன்றியது. அதற்கு வித்திட்டவர் ஜேம்ஸ் மில்னர் பிரேசர் என்னும் கட்டடக் கலைஞர். பின்னாளில் அது பள்ளிகளிலும் பரவிற்று. பல இனத்துச் சிறுவர்களும் அதில் இணைந்தனர். இங்கு அதன் மிக உயர்ந்த விருது ‘நிறுவனர் விருது’ எனப்படுகின்றது. 1988ஆம் ஆண்டு தொடங்கிய அன்பளிப்புத் திட்டத்தின் வழி, வறியோர்க்கும் முதியோர்க்கும் சிறுவர்களே பொருள் திரட்டி வழங்கி வருகின்றனர். மார்பில் அணியும் சின்னத்தின் பொருளை அத்தொண்டு விளக்குகின்றது.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்துவன மூன்று. முதலாவது, பாராட்டுக்கு உரியது அடைந்த தரமே. பிறரை முந்திய வரிசையன்று. இரண்டாவது, பாராட்டின் வாயில் ஏழைக்கும் திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, விருது ஒரு முடிவன்று. அது ஒரு பொறுப்பு. முதலுதவிச் சின்னம் அணிந்தவன் விபத்தைக் கண்டு விலகிச் செல்ல முடியாது.

இதில் ஓர் இடரும் உண்டு. சின்னங்களை எண்ணிக்கைக்காகவே திரட்டும் சிறுவன், கற்றதை மறந்து பெற்றதை மட்டுமே நினைப்பான். சட்டையில் தைத்த சின்னம் சட்டையோடு கழன்றுவிடும். உள்ளத்தில் பதிந்த பண்போ வாழ்நாள் முழுதும் உடன்வரும். சின்னத்தைக் கொடுக்கும் கை அப்பண்பையும் பதித்திருக்கிறதா என்பதே, சிறுவரைப் பாராட்ட மேடையேறும் ஒவ்வோர் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.