பற்றும் மதிப்பீடும்: தமிழ்த் திரையிசை ரசனை குறித்து ஒரு விவாதம்

தமிழ்த் திரையிசை பற்றிய விவாதங்களில் தீர்ப்பு முந்திக்கொள்கிறது. காரணம் பிறகு தேடப்படுகிறது. இளையராஜா ரசிகர், ஏ.ஆர். ரகுமான் ரசிகர் என்ற அணிப்பிரிவு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் கலையவில்லை. விமர்சகர் பற்றைக் கைவிட வேண்டும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து. அது நோயைத் தவறாகக் கணித்த மருந்து என்பது இக்கட்டுரையின் வாதம். பற்றில்லாதவருக்கு ஒரு பாடலைப் பத்தாம் முறை கேட்கும் பொறுமை இருக்காது. பாட்டு எப்படி என்று கேட்டால் இசையமைப்பாளரின் பெயரையே விடையாகச் சொல்லும் பழக்கத்தில்தான் கோளாறு இருக்கிறது.

பற்றின் பங்களிப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளின் பட விமர்சனங்கள் நெடுங்காலம் இசைக்கு ஓரிரு வரிகளையே ஒதுக்கின. ராகங்களைத் தேடிக் கண்டதிலும், பின்னணி இசைத் துணுக்குகளைச் சேகரித்ததிலும் ரசிகர்களின் உழைப்பு பெரிது. ‘சிந்து பைரவி’ (1985) படத்தில் யேசுதாஸ் பாடும் கல்யாணி ராகப் பாடல் ஒன்று முழுவதும் ஆரோகணத்திலேயே அமைந்தது என்பது அவர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. சுரங்கள் ஏறுகின்றன, படிப்படியாக இறங்குவதில்லை. காதால் சரிபார்க்கத்தக்க உண்மை இது. ஆனால் ‘ஆகவே இது உயர்ந்த பாடல்’ என்ற முடிவு அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது. இறங்குவரிசை இல்லாததால் மெட்டு மீண்டும் மீண்டும் கீழிருந்து எழ நேர்கிறது. அந்த ஓயாத எழுச்சி பாடலின் ஏக்கத்துக்கு வலுவூட்டுகிறது என்று காட்டும்போதுதான் வியப்பு மதிப்பீடாகிறது.

வியப்பையே மதிப்பீடாகக் கொள்வது முதல் சறுக்கல் என்றால், இரண்டாவது சறுக்கல் நினைவு சார்ந்தது. ‘அன்னக்கிளி’யில் (1976) தொடங்கிய இளையராஜா ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர். எண்பதுகளில் ரசிகர்கள் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, பிடித்த பாடல்களை மட்டும் கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். பட்டியலில் ஏறாதவை மெல்ல நினைவிலிருந்தும் நழுவின. ஆகவே ‘அந்தக் காலம் போல வருமா’ என்பவர், சலித்தெடுத்த ஒரு பத்தாண்டைச் சலிக்கப்படாத இந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார். இளைய ரசிகர்களோ யூடியூப் பார்வை எண்ணிக்கையைத் தீர்ப்பாக நீட்டுகிறார்கள். ரசிகர் படையே திரும்பத் திரும்பப் பார்த்து ஏற்றும் எண் அது. ஆதரவின் வேகத்தைக் காட்டுமே தவிர, பாடலின் தரத்தைக் காட்டாது.

பற்றும் மதிப்பீடும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுத் தேர்வு சான்று. இளையராஜா இசையமைத்த ‘தேவர் மகன்’, ரகுமான் இசையமைத்த ‘ரோஜா’ இரண்டும் இசை விருதுக்குப் போட்டியிட்டன. வாக்குகள் சமமாகப் பிரிந்தபோது, நடுவர் குழுத் தலைவரான இயக்குநர் பாலு மகேந்திராவின் வாக்கு ரகுமானின் முதல் படமான ‘ரோஜா’வுக்குப் போனது. ‘மூடுபனி’ (1980) தொடங்கித் தம் பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு இளையராஜாவையே நாடியவர் அவர். அதே ஆண்டில் சிறந்த பாடகி விருது ‘தேவர் மகன்’ பாடலுக்காக எஸ். ஜானகிக்கும், பாடலாசிரியர் விருது ‘ரோஜா’வுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தன. இசை விருது சரியான படத்துக்குத்தான் போனதா என்று இன்றும் வாதிடலாம். எனினும் அன்று எடைபோடப்பட்டவை அவ்விரு படங்களின் இசையே. இருவரின் வாழ்நாள் சாதனை தராசில் ஏறவில்லை. அந்த வாக்குக்குப் பிறகும் பாலு மகேந்திரா தம் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) வரை இளையராஜாவோடு பணியாற்றினார்.

தனிப் படைப்பை மட்டும் எடைபோடுவது செயற்கையானது, ஒரு கலைஞரின் நடை பல படைப்புகளில்தான் துலங்கும் என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த நடையை முழுதும் அறிந்தவருக்கே அது எந்தப் பாடலில் வெறும் பழக்கமாகச் சுருங்கியது என்பதும் தெரியும். அதைச் சொல்வது எளிதன்று. பண்ணைப்புரம் கிராமத்திலிருந்து வந்த இளையராஜா திரையிசையின் உச்சத்தைத் தொட்டதைத் தங்கள் சொந்த வெற்றியாகக் கருதுவோர் பலர். பாட்டின் மீதான குறை அவர்கள்மீதே விழுகிறது. அந்த உணர்வு மதிக்கத்தக்கது, ஆனால் பாட்டின் குறைக்கு அது பதிலாகாது. தம் ஆதர்ச இசையமைப்பாளரின் சோடைபோன பாடல் ஒன்றைக் காரணத்தோடு சுட்டத் தெரிந்த ரசிகர், அவரின் சிறந்த பாடலைப் புகழும்போதுதான் அந்தப் புகழ்ச்சி மாற்று அணியினரிடமும் எடுபடும்.