பல் சொத்தையும் விபெஹோல்ம் மருத்துவமனையும்

ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸை வாங்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவரா நீங்கள்? சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்து முடிப்பதை விட இதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதல் என்று பல் டாக்டர்கள் சொல்வார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கொஞ்சம் கசப்பான கதை அது.

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் என்று ஓர் ஊர். அங்கே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விபெஹோல்ம் மருத்துவமனை இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்வீடனில் சொத்தைப் பல் இல்லாதவர்களைப் பார்ப்பதே அபூர்வம். அதற்கு இனிப்புதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. 1945ல் இந்த மருத்துவமனையில் ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு இனிப்புக்கு மாறினார்கள். அரசாங்கத்தோடு சேர்ந்து சர்க்கரை, மிட்டாய் கம்பெனிகளும் செலவை ஏற்றுக்கொண்டன.

நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டு வேளையில் சர்க்கரை கரைத்த பானம். இன்னொரு குழுவுக்கு தினமும் 24 டாஃபி, அதுவும் பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி விசேஷமாகச் செய்தது!

1954ல் முடிவுகள் வெளியாயின. 436 பேரை ஐந்து வருடம் கவனித்து எழுதிய அறிக்கை அது. சாப்பாட்டோடு சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு சொத்தை பெரிதாகக் கூடவில்லை. இடைவேளைகளில் டாஃபி தின்றவர்களின் பற்களோ நாசமாகிப் போயின. ஆக, எவ்வளவு சர்க்கரை என்பதை விட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

காரணம் எளிது. வாயில் உள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் எனாமலை அரிக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடித்தால் எச்சிலுக்கு ஏது அவகாசம்? போதாததற்கு கூல்டிரிங்க்ஸிலேயே அமிலம் வேறு இருக்கிறது.

1950களின் இறுதியில் ஸ்வீடனில் குழந்தைகளுக்கு வாரம் ஒருநாள், சனிக்கிழமை மட்டும் மிட்டாய் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மனிதர்களைச் சோதனைக்கு உட்படுத்த அவர்களின் சம்மதம் கட்டாயம் என்று நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947ல் சொன்னது. விபெஹோல்மில் சோதனை நடந்துகொண்டிருந்ததும் அதே காலத்தில்தான்!

தெரிந்துகொண்ட உண்மை பெரியது. அதற்கு விலை கொடுத்தவர்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள். அடுத்த முறை பாட்டிலைத் திறக்கும்போது அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.