சேர்க்கையை அறுத்தல்: பார்ஸ்டல் பள்ளியின் முன்கதை

ஆலங்குடி வட்டத்தில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் அடிதடி வழக்கிலோ வழிப்பறி வழக்கிலோ குற்றவாளி என்று தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பழகிய குற்றவாளிகள் நிறைந்த மத்தியச் சிறைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், புதுக்கோட்டை நகரில், அவனுக்கென்றே ஏற்பட்ட ஓரிடம் இருக்கிறது: பார்ஸ்டல் பள்ளி. பெயரைக் கேட்பவர்களுக்கு ஏதோ மாணவர் விடுதி என்று தோன்றக்கூடும். பள்ளி என்று சட்டம் அதை அழைப்பது உண்மையே. ஆனால் உள்ளே செல்பவன் தண்டனை பெற்றவன். மதிலும் பூட்டும் அங்கே உண்டு.

பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ராச்செஸ்டர் நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறைத்துறைத் தலைவராக இருந்த சர் எவலின் ரக்ள்ஸ்-பிரைஸ் அங்கிருந்த சிறையில் ஒரு சோதனை செய்தார். பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையுள்ளவர்களை முதிர்ந்த கைதிகளிடமிருந்து பிரித்து, தொழிலும் கல்வியும் ஒழுங்கும் கற்பித்துப் பார்த்தார். 1908இல் அது அங்கே சட்டமாயிற்று. இந்தியாவுக்கு அது வந்த வழியில் நம் மாகாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழுவின் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். வளரிளம் பருவத்துக் குற்றவாளிகளுக்குத் தனி நிறுவனங்கள் வேண்டும் என்று அக்குழு சொன்னது. அதைப் பின்தொடர்ந்து வந்ததே 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம். பஞ்சாபும் வங்காளமும் பம்பாயும் நமக்குப் பின்னரே அவ்வழி வந்தன. தஞ்சாவூரிலும் பாளையங்கோட்டையிலும் நடந்த பள்ளியின் வழித்தோன்றலே இன்றைய புதுக்கோட்டைப் பள்ளி. ஆலங்குடி அப்போது தொண்டைமான் சமஸ்தானத்து வட்டம்; 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகே இச்சட்டத்தின் எல்லை இவ்வூரைத் தொட்டது.

சட்டத்தின் வாசகத்தைப் படிக்கையில் ஓரிடத்தில் நின்றுவிட நேர்கிறது. ஓர் இளைஞனை இப்பள்ளிக்கு அனுப்ப நீதிபதி எவற்றைக் கருத வேண்டும்? அவனுடைய குற்றப் பழக்கம், குற்ற நாட்டம், இவற்றோடு தீயோருடனான அவனது சேர்க்கை. செயலுக்கு இணையாகச் சேர்க்கையையும் ஒரு காரணமாகச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. கும்பல் என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் ஏரியாவின் அண்ணன்மார்களுக்குக் கையாளாகத் தொடங்கிப் பின் வெளியேற வழியறியாமல் நிற்கும் பையன்தான் அவ்வாசகத்தின் நாயகன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே திருக்குறளின் அதிகார அடைவு நினைவுக்கு வராமல் போகாது. குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. குற்றத்தைக் கடிந்தவன் நேரே சிற்றினத்தை விலகுவதற்கு வந்துவிடுவதில்லை. இடையில் பெரியாரின் துணை நிற்கிறது. அரசனுக்குச் சொன்ன அடைவுதான் அது. பத்தொன்பது வயதுக்காரனுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஒரு கூட்டத்தை விட்டு வா என்று அவனிடம் சொல்பவர், எந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலனி அரசு அதற்கு முன் கையாண்ட வழி வேறு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறப்பையே தீய சேர்க்கையாக்கியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்கவும் அது இடம் கொடுத்தது. தந்தையே சிற்றினம் என்பது அதன் தருக்கம். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண்ணொருவர் உட்படப் பலர் மாண்டனர். அதன்பின் அரசு வேகப்படுத்திய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் மிஞ்சியவை பள்ளிக்கூடங்களே. சென்னை மாகாணம் 1947இல் அச்சட்டத்தை நீக்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் அப்பள்ளிகளோ சட்டம் மறைந்த பின்னும் பல தலைமுறைகளை ஆளாக்கின. அவமதிப்பிலிருந்து பிறந்த ஒரு நிறுவனம் மக்களின் உடைமையாக மாறிய விந்தை தனியே எழுதத்தக்கது.

பார்ஸ்டல் சட்டத்துக்குத் திரும்புவோம். தடுப்புக்காலம் இரண்டாண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மேற்படாமலும் இருக்கலாம். இருபத்து மூன்று வயதைத் தாண்டக் கூடாது. இவ்வளவு நீண்ட காலம் எதற்கு? சிறு குற்றத்துக்குச் சில மாதச் சிறை என்றால் பையன் கெட்டுப்போக அது போதும், திருந்தப் போதாது என்பது அன்றைய சீர்திருத்தவாதிகளின் வாதம். தச்சோ தையலோ கைவரக் காலம் வேண்டும். அதே வேளையில் ஒரு சன்னலும் வைத்தார்கள். நன்னடத்தையில் நம்பிக்கை ஏற்பட்டால், காலம் முடியுமுன்பே உரிமத்தின் பேரில் அவனை வெளியே விடலாம். ஆனால் தனியே அன்று; அவனைப் பொறுப்பேற்று மேற்பார்க்க இசையும் ஓர் அலுவலரிடமோ, நிறுவனத்திடமோ, தனிமனிதரிடமோ ஒப்படைக்க வேண்டும். பெரியாரைத் துணைக்கோடலைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். என் கணிப்பில் அந்தச் சட்டத்தின் உயிர்நிலை இதுவே. இதுவே முதலில் தளர்ந்தும் போயிற்று. மதிலுக்கும் காவலருக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் உண்டு. ஊரில் ஒருவர் முன்வந்து இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு என்று சொல்வதற்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது?

சட்டமும் குறுகிற்று. ஆந்திரத்துக்கும் இதே சென்னைச் சட்டம்தான் சென்றிருந்தது. அங்கிருந்து வந்த வழக்கொன்றில், கொலைக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் இதன் வரம்புக்குள் வரமாட்டார் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப் பொருள்கோளாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கும்பல் மோதலில் அண்ணனுக்காக அரிவாள் எடுத்த பையனுக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது. இதற்கு இரண்டாண்டு முன்னர், 1982இல், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வந்திருந்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை தடுத்துவைக்க அது வழிசெய்கிறது. அதே 1982இல்தான் பிரிட்டன் தன் பார்ஸ்டல்களை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. திருந்தாமல் திரும்பி வருவோர் மிகுந்துவிட்டனர் என்பது அங்கே பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று.

மதிலுக்கு வெளியே இது நடக்குமா என்பதற்குக் கடல் கடந்த தமிழரிடம் ஒரு சான்று உண்டு. இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து டொராண்டோவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடையே 1990களில் கும்பல்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று வல்வெட்டித்துறையின் பெயர்ச்சுருக்கத்தையே தன் பெயராகக் கொண்டிருந்தது. விட்டு வந்த ஊர், விட்டுவிட முடியாத கூட்டமாக உருமாறியது போலும். 1997 டிசம்பரில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், கும்பலைச் சேர்ந்தவர் என்று தவறாக எண்ணப்பட்டுக் கொல்லப்பட்டார். அதன் அதிர்ச்சியிலிருந்து தமிழ் இளைஞர்களே கூடிக் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கினர். பள்ளி முடிந்த மாலைப்பொழுதை நிரப்புவதும், இளையவனுக்கு மூத்தவன் ஒருவனைத் துணையாக்குவதும் அவர்கள் மேற்கொண்ட வேலைகள். 2001இல் காவல்துறையும் குடிவரவுத் துறையும் பெருமளவில் கைது நடவடிக்கை எடுத்தன. நாடுகடத்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கும்பல்கள் ஓய்ந்ததில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது அரிது. எனினும் இங்கே துணைக்கு வந்த பெரியாருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருந்தது என்பது வள்ளுவரின் உரையாசிரியர்களும் எதிர்பாராத செய்தி.

நம் ஊரில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சக மாணவர் வீட்டுக்குள் சாதிவெறியோடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது பற்றிய பரிந்துரைதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. கயிறும் ஓர் உறுப்பினர் அட்டையே என்பதால் அது சிறு செய்தியன்று. அதை அவிழ்த்த கை அடுத்து எதைப் பற்றும் என்ற கேள்வியை ஊடகங்கள் பெரிதாக எழுப்பவில்லை. சென்னைக் காவல்துறை 2022இல் தொடங்கிய பறவை என்ற திட்டம் அக்கேள்விக்குச் சற்று அருகில் செல்கிறது: முதன்முறை சிறைப்பட்ட இளைஞர்களுக்குச் சட்ட உதவியும் தொழிற்பயிற்சியும் வேலையும் தேடித் தருவது அதன் நோக்கம். ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய உரிமப் பிரிவு கேட்டதும் இதைத்தான். அந்தப் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து உரிமத்தில் வரும் ஒருவனைப் பொறுப்பேற்க ஆலங்குடியில் தச்சுப்பட்டறைக்காரர் ஒருவரோ, கோவில் அறங்காவலரோ, மாதாகோவில் பங்குத்தந்தையோ, ஜமாத் தலைவரோ இசைந்தால் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.