குடவோலை

குடம் + ஓலை = குடவோலை. ‘குடம்’ இறுதி மகரத்தை இழக்கிறது. இடையில் வகர உடம்படுமெய் வந்து சேர்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச் சபை வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இம்முறையை விளக்குகின்றன. ஊரில் முப்பது குடும்புகள்; குடும்பு என்றால் வார்டு. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். எதுவும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். வாக்கெடுப்பைவிட இது குலுக்கலுக்கே நெருக்கம். ‘மக்களாட்சியின் தொட்டில்’ என்று மேடையில் முழங்குவோர் அதைச் சொல்வதில்லை.

தகுதிகள் கடுமையானவை: வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. அந்த வட்டத்துக்குள் பெண் இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் உறவினரை விலக்கும் பட்டியலில் மட்டும் அத்தையும் தாயின் உடன்பிறந்தாளும் வருகிறார்கள். அதுவும் மகன்களை அடையாளம் காட்டவே!

ஓலை போய் வாக்குச்சீட்டு வந்த பின்னும் சொத்து நிபந்தனை விடவில்லை. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் ஆண்களுக்குரிய அதே நிபந்தனைகளில் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. நிலமோ வரியோ தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு அதனால் பயனில்லை. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி அந்த மன்றத்தின் துணைத் தலைவரானார். ஆனாலும் வயதுவந்த எல்லோருக்குமான வாக்குரிமைக்கு அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது.

தமிழக உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடானது. உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊராட்சிகள் அந்த அளவில் 2021 அக்டோபரில் தேர்தலைச் சந்தித்தன.