கழுதைக்கு அடியில் மூன்று முறை

1937-இலிருந்து 1939 வரை அயர்லாந்தின் 26 கவுண்டிகளில் சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு வித்தியாசமான வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் பழைய விஷயங்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். எழுதியவர்களில் பலருக்கு 11 முதல் 14 வயதுதான். அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன. அதில் நாட்டு வைத்தியப் பகுதியைத் திறந்தால் மூடவே மனம் வராது.

கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைத்து எடுக்க வேண்டும். அல்லது வெள்ளைக் குதிரையில் வருபவரை வழிமறித்து மருந்து கேட்க வேண்டும். அவர் வாயில் வருவதுதான் மருந்து! திருமணத்துக்கு முன்பே கணவரின் குடும்பப் பெயரையே கொண்டிருந்த பெண் கையால் ரொட்டி வாங்கித் தின்றாலும் சரியாகுமாம்.

சிரிப்பு வரும். ஆனால் அந்த இருமல் குழந்தைகளைக் கொன்றது. அன்று அதற்குச் சரியான மருந்து கிடையாது. பிழைத்த குழந்தைக்கும் வாரக்கணக்கில் இழுத்துத் தானாக அடங்கும். அடங்குவதற்குச் சற்று முன் என்ன செய்தார்களோ, பெயர் அதற்குப் போயிருக்கும். கழுதைக்குப் புகழ் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மருந்தைவிட ஆள் முக்கியம் என்பது இன்னொரு நம்பிக்கை. நாம் கைராசி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகனைத் தேடி மைல்கணக்கில் நடந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அந்தச் சக்தி போய்விடும் என்று நம்பினார்கள். டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

எல்லாமே கழுதைக் கதைதானா? வடக்கு அயர்லாந்தின் ஃபெர்மானா கவுண்டியில் போஹோ என்ற ஊர் உண்டு. (உச்சரிப்பு வெறும் 'போ'!) 1815-இல் இறந்த ஜேம்ஸ் மக்கிர் என்ற பாதிரியார், தான் குணப்படுத்தியதையெல்லாம் தன் கல்லறை மண்ணும் குணப்படுத்தும் என்று சொன்னதாக ஊரில் நம்பிக்கை. பல்வலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் அந்த மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப் போவார்கள். 2018-இல் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அந்த ஊர் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியா ஒன்றைக் கண்டது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத சில கிருமிகளின் வளர்ச்சியை அது தடுத்தது. ஆய்வுக்கூடத்துத் தட்டில் மட்டும்தான், நோயாளியிடம் அல்ல. அதனால் யாரும் மண்ணைப் பூசிக்கொள்ள வேண்டாம்.

கல்லறையிலிருந்து எடுக்கும் மண்ணுக்கு ஊரார் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: நான்கு நாளுக்குள் எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும்.