கொடியும் உடையும்

திருப்பூரை ஒட்டி வளர்ந்து, 2011-ஆம் ஆண்டில் அம்மாநகராட்சியோடு இணைந்த ஊர் வேலம்பாளையம். பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர் அது. ஆகஸ்டுப் பதினைந்தாம் நாள் காலையில் அங்கே எந்திரங்களின் ஓசை அடங்கி, முரசின் ஓசை எழும். பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்து வருவார்கள். முன்னே ஒரு சிறுமி கொடி ஏந்தி வருவாள். இரு மருங்கிலும் இருவர் காவல் வருவர். பின்னே முரசும் குழலும் முழங்கும். காண்போர் கண்கள் கொடியின் மீது நிற்கும். ஆனால், உடை தைப்பதையே வாழ்வாகக் கொண்ட ஊராதலின், சிலருடைய கண்கள் கொடி ஏந்தியவளின் உடையையும் நோக்காமல் இரா. அந்த உடைக்கும் ஒரு வரலாறு உண்டு. கொடி ஏந்துவோர் எதனை உடுத்தினர், அதனை யார் விதித்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதே அவ்வரலாறு. அதனைச் சிறிது காண்போம்.

கொடி ஏந்துவது முற்காலத்தில் அழகுக்காக ஏற்பட்ட வழக்கமன்று. பீரங்கியும் துப்பாக்கியும் கக்கிய புகையில் எதிரே நிற்பவன் முகமும் தெரியாத போர்க்களத்தில், வீரன் தன் படை எங்கே நிற்கிறது என்று அறிவதற்குக் கொடி ஒன்றே குறி. அது வீழ்ந்தால் படை சிதறும். ஆகவே பகைவன் முதலில் கொடியையே நாடுவான். கொடி ஏந்தியவன் முதலில் மாள்வான். அவனைக் காப்பதற்கென்றே பிரிட்டிஷ் படையில் 1813-ஆம் ஆண்டில் கொடிக் காவல் சார்ஜண்டு என்ற பதவி ஏற்பட்டது. செந்நிறச் சட்டையும் உயர்ந்த தொப்பியும் அன்று அலங்காரத்திற்கு மட்டும் வந்தவையல்ல. புகையினூடே தம்மவரைத் தம்மவர் அடையாளம் காண்பதற்கும் அவை உதவின.

அந்த உடை நம் நாட்டிற்கு வந்தபோது நேர்ந்தது என்ன? 1805-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் ஓர் ஆணை பிறப்பித்தார். சிப்பாய்கள் தோல் குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை அணிய வேண்டும். அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயக் குறியும் காதில் கடுக்கனும் கூடாது. தாடியை மழித்துவிட வேண்டும். வரிசை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது தளபதியின் நோக்கம். அணிபவனுடைய மனத்தை அவர் கேட்கவில்லை. வேலூரில் புதிய தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. கோட்டையில் ஏறியது மைசூர்ச் சுல்தானின் கொடி. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே புரட்சியை அடக்கிவிட்டது. எனினும் அந்த உடைவிதி நிலைக்கவில்லை. அது திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தாய்நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். அப்புரட்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் அணியும் உடையைத் தன் மானத்தோடு ஒன்றாகக் கருதுபவன் மனிதன் என்ற உண்மையை வேலூர் உலகிற்கு உணர்த்தியது என்பதில் ஐயமில்லை.

காலம் மாறியது. துப்பாக்கியின் குறி கூர்மையானது. செந்நிறச் சட்டை பகைவனுக்கு எளிய இலக்காயிற்று. 1840-களின் பிற்பகுதியில் பெஷாவர்ப் பகுதியில் லம்ஸ்டன் என்பவர் திரட்டிய படை மண்ணின் நிறமாகிய காக்கியை அணிந்தது. பிரிட்டிஷ் படையினர் கொடி ஏந்திப் போர்க்களம் புகுந்தது தென்னாப்பிரிக்காவில், 1881-ஆம் ஆண்டில், லெய்ங்ஸ் நெக் என்ற இடத்தில்தான் கடைசி முறையாக நிகழ்ந்தது. அதன்பின் கொடியும் முரசும் வண்ண உடையும் அணிவகுப்புத் திடலோடு நின்றுவிட்டன. போருக்கு மண்ணின் நிறம், விழாவுக்கு மயிலின் நிறம் என்று இரண்டாகப் பிரிந்தது படையுடை.

இனி நம் விடுதலைப் போருக்கு வருவோம். இங்கே போர்க்களமும் தெருவே. அணிவகுப்புத் திடலும் தெருவே. அந்தப் போரில் கொடி ஏந்துவோர் எதனை உடுத்துவது? 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் நீக்கி, இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். 1923-ஆம் ஆண்டில் நாகபுரியில் கொடிச் சத்தியாக்கிரகம் நடந்தது. அவ்வாண்டிலேயே ஹர்டீகரின் முயற்சியால் சேவாதளம் தோன்றித் தொண்டர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சியும் கட்டுப்பாடும் அளித்தது. 1928-ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசில் சுபாஷ் சந்திர போஸ், படைத்தலைவர் உடையில் தொண்டர்படையை நடத்திச் சென்றார். மிடுக்கான அக்காட்சி இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்தது. காந்தியடிகள் அதனை ரசிக்கவில்லை. கொடிக்குப் பெருமை தருவது உடையின் வெட்டா, துணியின் பிறப்பா என்ற வினா அங்கே எழுந்தது எனலாம்.

அந்த வினாவிற்குத் திருப்பூர் ஒரு விடை கூறியது. அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடம் திருப்பூரே. சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே வந்து குவிந்தன. சென்னிமலையில் நெசவாளர் குடியில் 1904-ஆம் ஆண்டு பிறந்த குமாரசாமி என்ற இளைஞர், இவ்வூரில் ஓர் ஆலையில் வேலை பார்த்தார். தறியை அறிந்தவர், துணியின் விலையையும் அறிந்தவர்.

1932-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். காங்கிரஸ் சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்டது. ஜனவரி 10-ஆம் நாள் பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு தொண்டர் அணி திருப்பூர்த் தெருவில் புறப்பட்டது. கையில் கொடி, உடலில் கதர். முரசு இல்லை, எக்காளம் இல்லை. கொடிக்குக் காவல் நின்ற எவரிடத்தும் வாள் இல்லை, கம்பும் இல்லை. காவலர் தடியடியில் தொண்டர்கள் வீழ்ந்தனர். மண்டை பிளந்து வீழ்ந்த குமரனின் கை கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அன்றுமுதல் அவர் கொடிகாத்த குமரன்.

அந்தத் தொண்டர்களின் உடையை எந்தத் தளபதியும் விதிக்கவில்லை. எந்தத் தையற்காரரும் ஒரே அளவில் வெட்டவில்லை. ஒருவர் சட்டை நீளம், மற்றவர் சட்டை குட்டை என்றும் இருந்திருக்கலாம். ஆயினும் அவர்களை ஓரணியாக்கியது துணி. கதரை உடுத்துவது, அடி வாங்க ஆயத்தமாக இருக்கிறேன் என்று ஊரறியச் சொல்வதாகும். வேலூரில் மேலிருந்து சுமத்தப்பட்டது சீருடை. திருப்பூரில் உள்ளிருந்து ஏற்கப்பட்டது சீருடை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு 126 ஆண்டுகள்.

கடல் கடந்த நாடொன்றில் இதே கொடிக் காவல் வேறொரு வழியில் வளர்ந்ததையும் இங்கே ஒப்பிட்டுக் காணலாம். முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்கள், தங்கள் சங்கங்களின் சார்பில் முரசும் எக்காளமும் கொண்ட அணிகளை அமைத்தனர். அவ்வணிகளின் முன்னே நாட்டுக் கொடியும், அதற்குக் காவலும் சென்றன. காவலர் உடை அப்படியே படையுடை: கழுத்து மூடிய கனத்த சட்டை, உயர்ந்த தொப்பி, வெள்ளைக் கையுறை. 1972-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் நகரில் இவ்வணிகளின் புதிய தேசியப் போட்டி தொடங்கியது. 1977-ஆம் ஆண்டில் கொடியணிகளுக்கெனவே ஒரு தனி அமைப்பும் தோன்றியது. நாளடைவில் கொடியைக் காக்கும் பணி மாறி, கொடியைச் சுழற்றிக் கதை சொல்லும் கலை பிறந்தது. ஆடுவோர்க்குக் கனத்த சட்டை தடையாயிற்று. ஒரே சீரான சீருடை போய், கதைக்கு ஏற்ற வேடம் வந்தது. அது ஆண்டுதோறும் மாறியது.

அம்மாற்றத்திற்குத் துணை நின்றது எது? பின்னல் துணி. நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நிற்கும்; அது எளிதில் நீளாது. பின்னல் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோத்து நிற்கிறது; இழுத்தால் நீளும், விட்டால் மீளும். 1958-ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த நீள்தன்மையுள்ள இழை அதனோடு சேர்ந்தபோது, ஆடுவோரின் உடலோடு ஒட்டி உடன் அசையும் உடை பிறந்தது. இதனை வேலம்பாளையத்தில் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. நிட்டிங் எந்திரத்தில் துணி இறங்குவதையும், சாயம் ஏறுவதையும், பவர் டேபிளில் ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் ஓடுவதையும் பிறந்தது முதல் பார்த்து வளரும் ஊர் அது.

கதரின் தலைமையிடமாய் விளங்கிய ஊரே பின்னலாடையின் தலைநகராகவும் ஆனது. இதனை வீழ்ச்சி என்று சொல்ல நான் துணியேன். ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு அந்தப் பின்னலால் எரிகிறது. கொடியின் துணியும் மாறியிருக்கிறது. 1947-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற மூவர்ணக் கொடி, நெடுங்காலம் கதரால் மட்டுமே ஆக வேண்டும் என்பது விதி. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கொடிவிதி திருத்தப்பட்டு, எந்திரத்தில் செய்த துணிக்கும் பாலியஸ்டருக்கும் இடம் தரப்பட்டது. கொடி மலிந்தது, வீடுதோறும் பறந்தது. அது நன்மையே.

ஆயினும் ஒரு சொல் சொல்லி முடிக்கிறேன். வேலம்பாளையத்துச் சிறுமி அணியும் உடை பின்னலாடையாகவே இருக்கட்டும். அவளுடைய தாய் தைத்த உடையாகக்கூட அது இருக்கலாம். அதற்கு அவள் நாண வேண்டுவதில்லை. அது அவள் ஊரின் உழைப்பு. ஆனால் அவள் கையில் பிடிக்கும் அந்த ஒரு கொடி மட்டும் கதர்க்கொடியாக இருக்கட்டும். விதி கேட்பதற்காக அன்று. விதியின் கட்டாயம் நீங்கிவிட்டது. கட்டாயமின்றி ஏற்பதற்கே பெருமை உண்டு என்பதைத்தான் 1932-ஆம் ஆண்டில் இவ்வூர்த் தெருவில் நடந்தவர்கள் நமக்குக் காட்டிச் சென்றனர். ஒரு பள்ளிக்கு ஒரு கதர்க்கொடி பெருஞ்செலவாகாது. அதனை ஏந்தும் பிள்ளை, அதன் துணி ஏன் சற்றுக் கரடாக இருக்கிறது என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை நம்முடையது.